நாலரை சதவீதம்

குன்னூரில், சிம்ஸ் பூங்காவுக்கு மேலே,
ஓட்டல் கூடத்தில் ஹீட்டர் ஒன்று முனகிக்கொண்டிருந்தது.
ஆறு தேயிலைத் தொழிற்சாலைகளிலிருந்து பதினொரு பேர்.
கோவையிலிருந்து வந்த சௌமியநாராயணன்
குளிரில் சிவந்த காதுகளோடு சொன்னார்:
'இதில் சரி, தப்பு கிடையாது.
மனசில் முதலில் படுவதைக் குறியுங்கள்.'

தொண்ணூற்றாறு கேள்விகள்.
தமிழில்தான் இருந்தன,
தமிழ் பேசுகிற ஒருவரும் கேட்காத தமிழில்.
'புதிய சூழல்கள் எனக்கு ஆற்றலூட்டுகின்றன.'
எப்போதும். பெரும்பாலும். சிலவேளை. இல்லவே இல்லை.

எந்தச் சூழல்?
போன ஐப்பசியில் கட்டபெட்டு வளைவில் மண் சரிந்து
மூன்று லாரி பச்சை இலை
நடுரோட்டில் புழுங்கிக்கொண்டு கிடந்ததே, அதுவா?
எனக்கு ஆற்றல் ஒன்றும் ஊறவில்லை அன்றைக்கு.
வயிறு கலக்கியது.
சரிவுக்கு அந்தப் பக்கம் ஜீப்புகளை வரச் சொல்லி
மூட்டை மூட்டையாய்த் தோள்மாற்ற வைத்தது மட்டும் நான்.
'சிலவேளை' என்று குறித்தேன்.

பக்கத்து நாற்காலியில் போஜராஜ்
வரிசையாக 'எப்போதும்' போட்டுக்கொண்டே போனார்.
மேலாளர் நாற்காலி தை மாதம் காலியாகிறது.
அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்,
ஹீட்டருக்கும் தெரிந்திருக்கும்.

நாற்பத்து மூன்றாம் கேள்வி:
'யாரும் மறுத்துப் பேசாவிட்டால்
எல்லாரும் உடன்படுவதாக எடுத்துக்கொள்வேன்.'
பின்னே, வேறென்ன எடுத்துக்கொள்வது?
'எப்போதும்.'

இரண்டு வாரம் கழித்து அதே கூடம்.
ஆளுக்கொரு வட்டம், நான்கு நிறம்.
என் வட்டத்தில் பாதிக்கு மேல் நீலம்:
கணக்கு, ஒழுங்கு, சரிபார்ப்பு.
பிறர் மனம் பார்க்கிற பச்சை
டீக்கடை எலுமிச்சைத் துண்டு அளவு.
போஜராஜ் எட்டிப் பார்த்தார்.
'நீலமா மேரி? குறிஞ்சி ஆச்சே!
பன்னெண்டு வருஷம் ஆகுமே உங்க பிரமோஷன்.'
கூடம் சிரித்தது. நானும் சிரித்தேன்.

கோத்தகிரி பேருந்தில்தான் நாலாம் பக்கத்தைப் படித்தேன்.
'குழுவின் மௌனத்தை நீங்கள்
சம்மதமாக வாசித்துவிடக்கூடும்.'
கூடும்.
உறுதியாகச் சொல்லியிருந்தால்
சௌமியநாராயணனோடு சண்டைக்குப் போயிருப்பேன்.
ஒரு கூடும்-மோடு எப்படிச் சண்டை போடுவது?
ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் அது
என் பக்கம் சாய்ந்து சாய்ந்து உட்கார்ந்தது.

அன்று இரவு ஷிப்டு.
ட்ரையர் வாயில் பெள்ளி அண்ணன்,
காதை மூடிய மப்ளர், கையில் ஒரு சிட்டிகைத் தூள்.
நான் பொறுப்பேற்ற நான்கு வருஷத்தில்
என்னிடம் அவர் சொன்னதெல்லாம் 'சரிம்மா' தான்.
'அண்ணா, இந்தச் சூடு போதுமா?'

வழக்கமாகக் கேள்வியைக் கேட்டுவிட்டு
பதிலையும் நானே சொல்லிவிட்டு நகர்வேன்.
இன்றைக்கு நகரவில்லை.
அடுப்புக்காரர் ஒருமுறை விறகு தள்ளினார்.
இன்னொரு முறை தள்ளினார்.
அண்ணன் என்னைப் பார்த்தார்,
இன்னும் ஏன் இவள் நிற்கிறாள் என்பது போல.
தூளை விரலிடுக்கில் நசுக்கினார்.

'ஈரம் நாலரை இருக்கும்மா.
மூணுன்னு மீட்டர் பொய் சொல்லுது.
பத்து நாளா.'
'ஏண்ணா சொல்லலை?'
'மீட்டரப் பாத்து நீங்க கையெழுத்துப் போட்டுட்டீங்க.
அப்பறம் நான் என்ன சொல்ல?'

பத்து நாள் தூள்.
மூட்டை கட்டி, முத்திரை குத்தி,
என் நீலக் கையெழுத்தோடு
ஏலக் கிடங்கில் மெல்லப் பூஞ்சை பிடிக்கப் போகிற தூள்.
திங்கட்கிழமை நேர்காணல்.

மணி இரண்டே கால்.
ஷிப்டு பதிவேட்டைத் திறந்தேன்.
மீட்டர் பழுது. பத்து நாள் சரக்கை நிறுத்தி வைக்கவும்.
கண்டுபிடித்தவர்: பெள்ளி.
கீழே கட்டமே இல்லாத இடத்தில் எழுதினேன்:
கேட்கத் தாமதித்தவர், திரவியமேரி.

அண்ணன் என் தோளுக்கு மேலாக
எழுத்துக் கூட்டிப் படித்தார்.
'என் பேருக்கு "ள்" ரெண்டும்மா,' என்றார்.
ஒன்றைத்தான் போட்டிருந்தேன்.
திருத்தினேன்.